டியர் சேர்

எங்கள் அப்பு மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து, பென்சனோடு மானிப்பாய்க்குத் திரும்பியவர். 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியும் அதற்குப் பின்வந்த பள்ளிக்கூடங்களும் பரப்பிய ஆங்கிலந்தான் அவரைப் போன்றவர்களைக் கப்பலேற்றியது.

ஊரில் ஒருவருக்கும் தலை குனியாத மனுசன். கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதினால் மட்டும், ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ என்று ஆங்கிலத்தில் முடித்துக் கையெழுத்து வைப்பார்.

“வெக்கமா இல்லையோ அப்பு?” என்று கேட்டேன்.

அலுமாரியிலிருந்து அரசாங்க ஏஜென்டு துரையின் பழைய பதிலொன்றை எடுத்துக் காட்டினார். அதன் அடியிலும் அதே வாசகம். “பாத்தியோ மோனை, துரையும் எனக்கு ஊழியன்தான்.”

எங்கள் ஒழுங்கைக்குக் கல்லுப் போடக் காசில்லை என்பதே அந்த ஊழியன் எழுதியிருந்ததன் சாரம்.

பக்கத்து வளவுக்காரரும் மலாயாப் பென்சனியர்தான், சொந்தமும்கூட. வேலிச் சண்டை தமிழில் நடக்கும்வரை பயமில்லை. கத்துவார்கள், பின்னேரம் ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். ஒருநாள் கதியாலுக்கு அந்தப் பக்கம் நின்ற மனுசனுக்கு அப்பு ரெஜிஸ்டர் தபாலில் ‘டியர் சேர்’ என்று எழுதினார். அதோடு தேத்தண்ணி நின்றது, வழக்குத் தொடங்கியது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. பிறகு கொழும்பிலிருந்து வந்த கடிதங்களை வாசித்துச் சொல்லவே ஆள் தேட வேண்டியிருந்தது. எங்களை எவ்வளவு மரியாதையாக மறுத்திருக்கிறார்கள் என்பதைக்கூட அறிய முடியாமற் போயிற்று.

இப்போது என் பெறாமகன் ரொறன்ரோவில் இருக்கிறான். மனேச்சரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். சிவானந்தராசன் என்ற அவன் பெயரை அவர்களும் ‘ஷிவ்’ ஆக்கிவிட்டார்கள். “அங்கை பெரியவன் சின்னவன் எண்டில்லை, சித்தப்பா” என்று பெருமைப்படுவான். போன மாரியில் ‘ஹாய் ஷிவ்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. வெள்ளிக்கிழமையோடு வேலை இல்லை, இடையில் ஒரு சிரிப்புப் பொம்மை, கடைசியில் ‘சியர்ஸ்’. ஊழியன் என்று எழுதிய அப்புவுக்கோ சாகும்வரை பென்சன் வந்தது.

பெறாமகன் வக்கீலைப் பிடித்தான். வக்கீல் ‘டியர் சேர்’ என்று தொடங்கி எழுதினார். பதில் உடனே வந்தது. இத்தனை காலமும் ‘ஷிவ்’ ஆக இருந்தவனின் முழுப் பெயரையும் கம்பனி ஓர் எழுத்தும் பிழைக்காமல் எழுதியிருந்தது.