மாமியார் மாறிலி: ஒரு காதல் நாவலைத் தமிழ் வாசகி அளந்த விதம்

சிங்கப்பூர்ச் சைனாடவுனின் பகோடா ஸ்ட்ரீட்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது சீனக் கோயில் அல்ல. 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலின் கோபுரம். ஆகவே சீனக் குடும்பக் கதையைத் தமிழ்க் கண்ணால் படிக்க இவ்வட்டாரத்தில் முன்னுதாரணம் உண்டு என்பது இவ்வாய்வின் முதல் துணிபு.

ஆய்வுப் பொருள்: சிங்கப்பூரில் பிறந்த கெவின் குவான் எழுதி 2013-இல் வெளிவந்த 'கிரேசி ரிச் ஏஷியன்ஸ்'. ஆய்வுக் கருவி: ரமணிசந்திரனின் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களில் பழகிய சிங்கப்பூர்த் தமிழ் வாசகி. இதைவிடத் துல்லியமான கருவி இன்னும் சந்தைக்கு வரவில்லை.

வாசகியின் தீர்ப்பு உடனே வந்தது: "இது நம்ம ரமணிசந்திரன் கதைதான், சாப்பாடு மட்டும் வேற." ஆதாரம் வலுவானது. பணக்கார நாயகன் நிக். சொந்தக் காலில் நிற்கும் நாயகி ரேச்சல், நியூயார்க்கில் பொருளியல் பேராசிரியை. தன்மானக் கெழு இருவகை நாயகியருக்கும் ஒன்றே. சாப்பாட்டு விஷயத்தில் குவானுக்கே கூடுதல் மதிப்பெண்: சிங்கப்பூரில் இறங்கியதும் இருவரும் விமான நிலையத்திலிருந்து நேரே லாவ் பா சாட் உணவங்காடிக்குப் போகிறார்கள். ஊருக்கு வருகிறவர்களை முதலில் சாப்பிட அழைத்துப் போகாத குடும்பம் சிங்கப்பூரில் ஏது?

அடுத்தது மாமியார் மாறிலி. நாயகனின் தாய் எலினோர் துப்பறிவாளரை வைத்து ரேச்சலின் பிறப்பைத் தோண்டுகிறார். நம் கதைகளில் இதே வேலையைப் பக்கத்து வீட்டு அக்கா காசு வாங்காமல் செய்வார். செலவில்தான் வேறுபாடு, விளைவில் இல்லை.

ஆனால் வாசகி நீண்ட நேரம் நின்றது நிக்கின் உறவுக்காரி ஆஸ்ட்ரிடிடம். பெரும் செல்வக் குடும்பத்துப் பெண். கணவன் மைக்கேல் சாதாரண வீட்டுப் பிள்ளை. மனைவி வீட்டுப் பணத்தின் நிழலில் வாழ முடியாமல், தனக்கு வேறொருத்தியோடு தொடர்பு இருப்பதுபோல் நாடகமாடுகிறான். திரைப்படத்தில் (2018) அது நிஜத் தொடர்பாகிவிட்டது, நாவல்தான் கூர்மை. மாமனார் வீட்டில் குடியிருக்காமலே வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்ட ஒருவனின் புழுக்கம் அது. அவனைத் திட்டிக்கொண்டே வாசகி அந்தப் பகுதியை மறுபடி படித்தார்.

குறைகளும் பதிவாகியுள்ளன. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட ஊரின் கதையில், மையக் குடும்பங்களுள் ஒன்றுகூடத் தமிழ்க் குடும்பம் இல்லை. திரைப்படத்தில் தெற்காசிய முகங்கள் பெரும்பாலும் வாயிற்காவலோடு நின்றுவிட, அது அப்போதே சிங்கப்பூரில் விமர்சனத்துக்கு உள்ளானது. நாவலின் அடிக்குறிப்புகளையும் வாசகி தாண்டிப் போனார்: உள்ளூர்க்காரருக்கு உள்ளூர்ச் சாப்பாட்டை விளக்குவானேன்? (காதல் நாவலில் அடிக்குறிப்பு இருக்கிறது, இந்த ஆய்வில் இல்லை. கல்வியுலகம் கவனிக்கட்டும்.)

பெரிய புகார் கடைசிப் பக்கச் சோதனையில் எழுந்தது. கல்யாணம் முடிகிறதா என்று முதலிலேயே பின்பக்கம் புரட்டிப் பார்ப்பது மரபு. இங்கே ஊரே வியக்கும் கல்யாணம் உண்டுதான். ஆனால் அது நிக்கின் நண்பன் காலினுக்கு. நாயகிக்கு மாலை விழ 2015-இல் வந்த இரண்டாம் பாகம்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் கலிபோர்னியாவில், எலினோருக்கு அழைப்பே இல்லாமல். மாறிலி இங்கே உடைந்துவிடுமோ என்று ஆய்வாளர் அஞ்சினார். எலினோர் அழைக்காமலே வந்துசேர்ந்தார்.