சமத்துவ நாற்காலிக்கு ஒரு நன்றி விண்ணப்பம்

அனுப்புநர்: திருவொற்றியூர் தேரடிப் பக்கத்துப் பயனாளி ஒருவன்
பெறுநர்: நலத்திட்ட முகாம் மேடையில் வீற்றிருந்த மேலதிகாரி அவர்கள்
பொருள்: 18 அங்குலத்தில் சமத்துவம் கண்டமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

போன வாரம் தங்கள் முகாமில் சக்கர நாற்காலி வாங்க மேடைக்கு வரச் சொன்னீர்கள். மேடைக்குச் சாய்தளம் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுவது போல நாலு தம்பிகள் என்னைத் தூக்கி மேலே வைத்தார்கள். "அண்ணே, கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோகிராபர். சிரித்தேன்.

உட்கார்ந்த பிறகு பார்த்தால், இருக்கை 18 அங்குல அகலம்; இடுப்புக்கு இரண்டு பக்கமும் கை நுழைகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வந்த சின்னப் பெண்ணுக்கும் அதே 18 அங்குலம்தான். காசிமேட்டில் விசைப்படகில் விழுந்து தண்டுவடம் அடிபட்ட அண்ணன், என்னைப் போல் இரண்டு ஆள்; அவருக்கும் தொடை பிதுங்கப் பிதுங்க அதே 18 அங்குலம். சமத்துவபுரம் கண்ட மாநிலத்தில் சமத்துவ நாற்காலி வர இத்தனை காலம் ஆனதே என்றுதான் வருத்தம்.

அந்தச் சின்னப் பெண் பிடிமானம் இல்லாமல் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தாள். "உக்கார உக்காரப் பழகிடும்மா" என்று அவள் அம்மாவைத் தேற்றினார் தங்கள் ஊழியர். பழகும் ஐயா. முதுகெலும்பு கோணலுக்கும் பழகும்.

இருக்கையின் அகலம் அவரவர் இடுப்பளவு இருக்க வேண்டும், முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும், புண் வராமல் மெத்தை வேண்டும், கொடுத்த பிறகும் வந்து பார்க்க வேண்டும் என்றெல்லாம் உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே வழிகாட்டி போட்டது. ஆளுக்கு ஆள் பேதம் பார்க்கும் பிற்போக்குத்தனம்! கிண்டி ஐஐடியிலும் இதே புத்திதான். 2025-ல் ஆளை அளந்து, 9 கிலோ எடையில் நாற்காலி செய்து காட்டினார்கள். கிண்டியிலிருந்து எங்கள் பக்கம் உள்ள விம்கோ நகருக்கு 2021 முதல் நேராக மெட்ரோ ஓடுகிறது. அளவு நாடாவுக்கு மட்டும் இன்னும் டிக்கெட் கிடைக்கவில்லை போலும்.

மெத்தை விஷயத்திலும் தாங்கள் சமத்துவம் தவறவில்லை. யாருக்குமே இல்லை. எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. புண் வந்தால் நாற்றம் சொல்லித்தான் தெரியும். அந்தப் புண்ணிலேயே செத்தவர்கள் உண்டு.

புண் மட்டுமல்ல, ஆபத்து நேரத்தில் ஓடவும் வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எங்கள் பக்கத்து எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, சனம் தெருவில் இறங்கி ஓடியது. முன்சக்கரம் மணலில் புதைகிற நாற்காலியில் இருப்பவன் எங்கே ஓடுவான்? அவனை யார் தள்ளுவார்? பொருந்தாத ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று எழுதிக்கொள்ள உங்களுக்குக் கூச்சமே இல்லையா?

மன்னிக்கவும். சமத்துவத்துக்குத் திரும்புகிறேன்.

ஒப்புகைச் சீட்டில் "உபகரணம் பொருத்தமாக உள்ளது" என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தீர்கள். எங்களுக்கு மிச்சம் வைத்தது கையெழுத்துக்கான புள்ளிக்கோடு மட்டும். அடுத்த முகாமில் பந்தல், சால்வைச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அளக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள். முதலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அனுப்புங்கள். அவள் வளர்கிற பிள்ளை, வருடா வருடம் அளக்க வேண்டும். என் நாற்காலியைப் பற்றிக் கவலை வேண்டாம். 18 அங்குல இடுப்புக்காரர் யாராவது அகப்பட்டால் கொடுத்துவிடுவேன். தேரடி முழுக்க விசாரித்தாயிற்று, இனி டோல்கேட் பக்கம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சமத்துவப் பயனாளி