டியா, ஜியா?

போன ஜனவரியில் நியூஜெர்சி வீட்டு வாசலில் பனி தள்ளப் போனவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். சிபிடி எண்ணெய் போட்டுப் பாருங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஓசி யோசனையை நான் என்றுமே தட்டியதில்லை. கடையில், காதில் நாலு வளையம் மாட்டிய பையன் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தான். ஒன்று சிபிடி, மற்றது சிபிஜி. எது நல்லது என்று அவனிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இரண்டையும் வாங்கிவிட்டேன்.

"கஞ்சா எண்ணெயா? சாமி ரூம் பக்கம் வைக்காதீங்க!" என்றாள் மனைவி.

போதை ஏற்றும் டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாத ஹெம்ப் செடி இது, 2018-லேயே அமெரிக்காவில் சட்டம் போட்டு அனுமதித்துவிட்டார்கள் என்றேன்.

"போதையும் கிடையாதா? அப்புறம் எதுக்கு இவ்வளவு காசு? சரி, டிக்கும் ஜிக்கும் என்ன வித்தியாசம்?"

"இருபது டாலர்."

அவள் பார்த்த பார்வையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். காலையில் இட்லி வந்ததும் ஆரம்பித்தேன். செடியில் முதலில் உண்டாவது சிபிஜியின் அமில வடிவம். செடி வளர வளர, என்சைம்கள் அதையே சிபிடிக்கும் டிஹெச்சிக்கும் உரிய அமிலங்களாக மாற்றிவிடும். முற்றிய செடியில் சிபிஜி பெரும்பாலும் 1 சதவீதம்கூட மிஞ்சாது. அதனால்தான் ஜிக்கு அந்தக் கூடுதல் விலை.

"எல்லாத்தையும் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டு அம்மா வெறுங்கையோட நிக்கறா. இதுக்கு ராத்திரி முழுக்க லைட்டை எரிக்கணுமா?"

பிள்ளை சாமர்த்தியசாலி. இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் சிபிடியின் கட்டமைப்பை 1963-இலும் சிபிஜியை 1964-இலும் கண்டறிந்தார்கள். சிபிடி 2018-இல் சிலவகைக் கடும் வலிப்புக்கான மருந்தாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அங்கீகாரமே வாங்கிவிட்டது. தாய்க்கு இன்னும் ஒன்றும் இல்லை. முழங்காலுக்கென்று இரண்டுமே எதையும் வாங்கவில்லை என்பதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சொட்டு மருந்தை நாக்குக்கு அடியில் விட்டு ஒரு நிமிஷம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். காலையில் டி, ராத்திரி ஜி. இரண்டாம் நாளே மனைவி இதைக் கவனித்துவிட்டாள். 2009-இல் என் அக்கா அவளைப் பற்றிச் சொன்னது, நான் விற்கவிடாமல் செய்த மனை, பாத்ரூம் குழாய் என்று அந்த ஒரு நிமிஷத்துக்குள் முறையாக அடுக்குவாள். நான் கையை மட்டும் ஆட்டுவேன். "மத்தியானமும் ஒரு வேளை போட்டுக்கலாமே, வலி சீக்கிரம் போகும்" என்று அக்கறையும் பட்டாள்.

மூன்றாம் வாரம் டாக்டரிடம் பெருமையடித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தம் உறையாமலிருக்க நான் விழுங்கும் மாத்திரையைக் கல்லீரல் சிதைக்கவிடாமல் சிபிடி தடுக்குமாம். மாத்திரை உடம்பில் தேங்கினால் ரத்தக் கசிவு வரலாம்.

"அப்போ ஜி?"

"அதை மனிதர்களிடம் இன்னும் போதுமான அளவு சோதித்துப் பார்க்கவில்லை. அதையும் மூடி வையுங்கள்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவி முகம் வாடிப்போனது. கொஞ்ச நேரம் அடுக்களையில் நின்று யோசித்தாள். பிறகு ஒரு பாட்டிலோடு வந்தாள்.

"நல்லெண்ணெய் கொப்பளிங்களேன். அது இருபது நிமிஷமாம்."