விளக்கு வைத்த பிறகு

சிலிகி ரோட்டிலிருந்து தேக்காவுக்குப் போகிற வழியில் எலிசன் கட்டடம் இருக்கிறது. நெற்றியில் 1924 என்று ஆண்டு, கூடவே ஓர் ஆறுமுனை நட்சத்திரம். சிறுவயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து, கட்டியவர் பெரிய முருக பக்தர் என்று முடிவுகட்டியிருந்தேன். சரவணபவ சக்கரம் அப்படித்தானே இருக்கும்? அம்மா பேருந்தில் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார். கட்டியவர் ஐசக் எலிசன் என்ற யூதர், அது தாவீதின் நட்சத்திரம் என்று நாற்பது வயதுக்குமேல்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அதனால என்ன, ஆறு முனை ஆறு முனைதானே" என்றார். இன்றும் அந்தப் பக்கம் போனால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

அந்த நட்சத்திரத்தின் கதையை எனக்குச் சொன்னவர் அலுவலக நண்பர். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் 26 ஆண்டுகள் நாங்கள் எதிரெதிர் மேசை. பாக்தாதிலிருந்து புறப்பட்டு, கல்கத்தாவில் இரண்டு தலைமுறை இளைப்பாறி, இங்கே வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. 1955-ல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல்கூட பாக்தாத் வழி யூதர்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கான இன ஒதுக்கீட்டில் சீனர் ஒரு பிரிவு, மலாய்க்காரர் ஒரு பிரிவு, மூன்றாவதாக 'இந்தியரும் மற்றவரும்' என்று எங்கள் இருவரையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறார்கள். "அரசாங்கமே சொல்லிவிட்டது, நாம் பங்காளிகள்" என்பார் நண்பர்.

பங்காளி மீது எனக்கு ஒரே ஒரு பொறாமை உண்டு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தானால் அவர் மேசை காலி. அதற்குமேல் அவரிடம் எந்தக் கோப்பையும் தள்ள முடியாது, மோசேயே கொண்டுவந்தாலும். சூரியன் மறைவதற்கு முன் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றியாக வேண்டும், சபாத் தொடங்கிவிடும். நான் பிரதோஷம் என்று சொல்லிப் பார்த்தேன். "போய்விட்டு வந்து முடித்துக் கொடுங்கள்" என்றார் மேலாளர்.

இதிலும் அவருக்கு இன்னொரு அதிர்ஷ்டம். லண்டனில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், ஜூனில் ஒன்பதைத் தாண்டியும் தொங்கிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு வாரம் அட்டவணை பார்த்து ஓட வேண்டும். பூமத்திய ரேகையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வருடம் முழுக்க ஏழு மணிதான், பத்துப் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே. "கடவுள் சபாத்தைப் படைத்தபோது சிங்கப்பூரைத்தான் மனதில் வைத்திருந்தார்" என்பது நண்பரின் இறையியல்.

சபாத் அன்று விலக்க வேண்டிய வேலைகள் 39 வகை. பாலைவனத்தில் கூடார ஆலயம் எழுப்ப என்னென்ன வேலை செய்தார்களோ, அவற்றிலிருந்து எடுத்த பட்டியல். ஒரு மதிய உணவு வேளையில் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். காசைத் தொடக்கூடாது, தைக்கக்கூடாது, நகம் வெட்டக்கூடாது, தலை வாரக்கூடாது. எனக்கு மெதுவாகப் புல்லரித்தது. இது எங்கள் வீட்டுப் பட்டியல் ஆயிற்றே! விளக்கு வைத்த பிறகு காசு கொடுக்காதே, ஊசி கொடுக்காதே, நகம் வெட்டாதே, தலை வாராதே, பெருக்காதே என்று தெம்பனிஸ் ஏழாவது மாடியில் தினமும் ஒலிக்கிற குரல் சீனாய் மலையிலிருந்தும் ஒலித்திருக்கிறது. ஒரு வித்தியாசம்: அவர்களுடைய தடைகளுக்கு இரண்டாயிரம் ஆண்டுக் காரண காரிய விவாதம் உண்டு. அம்மாவிடம் காரணம் கேட்டால், "வேணான்னா வேணாம்."

எழுதுவதும் தடை. ஓர் எழுத்தே கூடாதுதான், ஆனால் குற்றம் முழுதாக நிறைவேறுவது இரண்டாவது எழுத்தில்தான் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நன்னூலார் தமிழில் 42 ஓரெழுத்து ஒருமொழி இருப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார். வா, போ, தா, தீ, பூ, கோ. ஒரு தமிழ் யூதர் சபாத் அன்று மனைவிக்கு "வா" என்று எழுதிக் காட்டினால் குற்றம் பாதியிலேயே நின்றுவிடும் அல்லவா? நண்பர் நெடுநேரம் யோசித்தார். "வ்-வும் ஆ-வும் சேர்ந்ததுதானே அது, இரண்டாகத்தான் எண்ணுவார்கள்" என்றார். உயிர்மெய் ஓரெழுத்தா ஈரெழுத்தா என்று நாங்கள் வாதாடி முடித்தபோது மணி மூன்று. அன்று எந்தக் கப்பலும் எங்களால் நகரவில்லை.

இந்த மனிதர் பணி ஓய்வு பெற்றதும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு விருந்துக்கு அழைத்தார். அம்மா உடனே முறுக்கு சுட உட்கார்ந்துவிட்டார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்: அவர்கள் பாத்திரம் வேறு, பால் பாத்திரம் தனி, இறைச்சிப் பாத்திரம் தனி, இறால் நண்டு கிடையாது, செதிலும் துடுப்பும் இல்லாத மீன் கிடையாது, சுறாப்புட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை, நம் வாணலியில் பொரித்ததைத் தொடமாட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மீன்சட்டிக்குத் தனி அலமாரி, தனிக் கரண்டி, தனிப் பஞ்சு வைத்து ஐம்பது வருடமாக எங்கள் கேலியைத் தாங்கியவர் அவர். பாக்தாத் வழிக்காரர்கள் சிலர் மீனையும் பாலையும்கூடச் சேர்க்கமாட்டார்கள் என்றதும், "மீனும் தயிரும் சேர்ந்தா வெண்குஷ்டம் வரும்னு தலையில அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?" என்று என் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். இப்படி ஓர் ஆதரவு பாக்தாதிலிருந்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"முறுக்கு வேணாம், வாழைப்பழம் கொண்டு போ. பழத்துக்குத் தோஷமில்ல" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். பிறகு நண்பரிடம் கேட்டபோது ரப்பிகளின் தீர்ப்பும் ஏறக்குறைய அதுவே.

தெம்பனிஸில் டௌன்டவுன் ரயில் ஏறினால் மாறாமல் பென்கூலனில் இறங்கலாம். 43 மீட்டர் ஆழத்திலிருந்து நகரும் படிகளில் மேலேறி வருவதற்குள் ஒரு சஷ்டி கவசம் சொல்லி முடித்துவிடலாம். மேலே வந்தால் வாட்டர்லூ ஸ்திரீட். குவான் இம் கோயிலில் ஊதுபத்தி ஏற்றிய சீனர்கள், கையோடு பக்கத்திலுள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலிலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற தெரு. அதே தெருவில்தான் 1878-ல் கட்டிய மெகேன் அபோத் யூத ஆலயமும் இருக்கிறது. இடம் போதாமல் போகவே சர் மனாசே மேயர் 1905-ல் ஆக்ஸ்லி ரைஸில் செசெட் எல் என்று இன்னொன்றைக் கட்டினார். 1922 நவம்பரில் ஐன்ஸ்டைன் எருசலேமில் வரவிருந்த எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு நிதி கேட்டு இந்த ஊரில் கப்பல் இறங்கியபோது முக்கியமாகப் பார்க்க வந்தது இந்த மேயரைத்தான். சார்பியல் கோட்பாடு கண்டவரே நன்கொடைக்கு அலைந்திருக்கிறார் என்பது, கோயில் நிர்வாகக் குழுவில் இரண்டு ஆண்டு ரசீதுப் புத்தகம் சுமந்த எனக்குப் பெரிய ஆறுதல்.

கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டும், ஒன்பது பேர் இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும் என்று நண்பர் சொல்லியிருக்கிறார். இந்த விதி நம் இலக்கியக் கூட்டங்களுக்கு இல்லாதது தமிழின் நல்ல காலம்.

நண்பர் வீடு மூன்றாவது மாடி. வேண்டுமென்றே தாழ்வாக வாங்கியது, ஏனென்றால் சபாத் அன்று மின்தூக்கிப் பொத்தானை அழுத்த முடியாது. இஸ்ரேலில் பொத்தானே தொடாமல் மாடிக்கு மாடி தானாக நின்று போகும் சபாத் மின்தூக்கிகள் உண்டாம். எங்கள் தெம்பனிஸ் புளோக்கில் முதலில் மின்தூக்கி 1, 5, 9 என்று மூன்று மாடியில்தான் நிற்கும். ஏழாவது மாடிக்காரர்களான நாங்கள் எந்த மதமும் சொல்லாமலேயே வாரத்தில் ஏழு நாளும் இரண்டு மாடி ஏறினோம். 2001-ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் ஒருவழியாக எங்கள் புளோக்குக்கும் வந்த பிறகுதான் விமோசனம்.

மேசையில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. ரொட்டி இரண்டை ஒரு பட்டுத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். மந்திரம் திராட்சை ரசத்துக்குத்தான் முதலில், அதைப் பார்த்து ரொட்டி வெட்கப்படக் கூடாதாம், அதற்காகத் துணி. தங்கையைப் பெண் பார்க்க வருகிற அன்று அக்காளை அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைப்போமே, அந்தக் கரிசனம். பிறகு இரண்டு கைப்பிடி வைத்த சொம்பில் நீர் எடுத்துக் கை கழுவினோம். கழுவியதும் எல்லாரும் ஊமையாகிவிட்டார்கள். நான் ஏதோ கேட்கிறேன், நண்பர் "ம்ம்ம்" என்று புருவத்தைத் தூக்குகிறார், அவர் மனைவி ரொட்டியைக் காட்டுகிறார். என்ன தப்புச் செய்தோமோ என்று வியர்த்துவிட்டது. கழுவிய கைக்கும் ரொட்டித் துண்டுக்கும் இடையில் பேசக்கூடாதாம். ரொட்டியை உப்பில் தொட்டு வாயில் போட்டதும் மொத்த மேசையும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது.

நல்ல பேச்சு. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்ததாக வேதத்தில் வரும் மயிலுக்கு எபிரேயத்தில் 'துக்கி' என்று பெயர், அது நம் 'தோகை'தான் என்று அறிஞர்கள் பலர் சொல்வதை நான் பெருமையோடு எடுத்து வைத்தேன். "இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி" என்றார் நண்பரின் மனைவி. மூவாயிரம் ஆண்டில் எங்கள் மயிலைக் கிளியாக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நான் கழிவறைக்குப் போனேன்.

காகிதச் சுருள் இருக்கும் இடத்தில் சுருள் இல்லை. ஒரு கூடையில் காகிதத்தைத் துண்டு துண்டாக, அளவாகக் கிழித்து அடுக்கியிருந்தது. கிழிப்பதும் தடை என்பதால் முன்கூட்டியே செய்து வைத்த ஏற்பாடு. எனக்கு அப்போது தோன்றியது சிக்கனம் என்றுதான். விளக்குச் சுவிட்சின்மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டியிருந்தது. பேரப்பிள்ளைகளின் குறும்பு என்று நினைத்து அதைப் பிய்த்துச் சுருட்டி, பியூபி மின்சார பில்லுக்குப் பயந்த அம்மா ஐந்து வயதில் என் விரலுக்குக் கற்றுத்தந்த அந்தக் காரியத்தைச் செய்தேன். டக்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் இருட்டாகிவிட்டதுபோல" என்றார்.

"நான்தான் அணைத்தேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

சிறிது மௌனம். "வயதானவர்கள் இருக்கிற வீடு. வழுக்கிவிட்டால் கஷ்டம்" என்றார் அவர் மனைவி. "ஆமாம், ரப்பர் பாய் போட்டுவிடுங்கள், எங்கள் வீட்டில் போட்டிருக்கிறோம்" என்றேன். நண்பர் தட்டைப் பார்த்தார். நாளை இரவு நட்சத்திரம் முளைக்கும்வரை அந்தச் சுவிட்சை அந்த வீட்டில் யாரும் தொட முடியாது என்பதோ, போட்டுக் கொடு என்று என்னிடம் வாய்விட்டுச் சொல்வதும் முறையில்லை என்பதோ என் மூளைக்கு எட்டவேயில்லை.

காப்பாற்றியவர் மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்த நண்பரின் மாமியார். எண்பதைத் தாண்டியவர். யாரையும் பார்க்காமல் விளக்கை நோக்கிச் சொன்னார்: "விருந்தாளிக்கு இன்னொரு தடவை போக வேண்டியிருக்கும். இந்த வயசில் ஆண்களுக்கு அடிக்கடி வரும்."

எனக்கு 61 வயது. அந்தக் குரலைத் தெரியும். ஆங்கிலத்தில் பேசினாலும் அது அம்மாவின் குரல். "ஒரு காலத்துல நம்ம வீட்ல சாப்பாட்டோட அப்பளம்னு ஒண்ணு போடுவாங்க" என்று சுவரிடம் சொல்லும் குரல். எதையும் நேராகக் கேட்காமல் கேட்கிற வித்தைக்குத் தொல்காப்பியர் இறைச்சி, உள்ளுறை என்று பெயர் வைத்துப் பாடமே நடத்தியிருக்கிறார். அந்தப் பரம்பரையில் வந்த நான் இரண்டு குறிப்பைக் கோட்டைவிட்டு, மூன்றாவதில் விழித்துக்கொண்டேன்.

எழுந்தேன். அவசரம் இல்லாத ஒருவன், அவசரம் உள்ளவன்போல் நடந்தேன். எனக்காக, என் சொந்தத் தேவைக்காக விளக்கைப் போட்டேன். உள்ளே நின்றேன். கிழித்து வைத்த துண்டுகளை எண்ணினேன், நாற்பத்தொன்று. மரியாதைக்கு ஒரு நிமிடம் கழித்து, வாழ்க்கையில் முதன்முறையாக, விளக்கை அணைக்காமல் வெளியே வந்தேன். விரல் துடித்தது. மேசையில் யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது போலிருக்கிறது. பாட்டி மட்டும் மீன் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காப்பிக்கடையில், டின் சோடாவை உறிஞ்சிக்கொண்டே நண்பர் சட்டம் சொன்னார். வேற்று மதத்தார் தன் தேவைக்கு ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தை யூதர் பயன்படுத்தலாம். ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுத்த மிஷ்னாவில் இருக்கிறது. அங்கேயே ஒரு கப்பல் கதையும் வருகிறது: சபாத் அன்று கரை சேர்ந்த கப்பலில், ஓர் அயலார் தான் இறங்கப் போட்ட பலகை வழியாக ரப்பான் கம்லியேலும் மூத்தோரும் இறங்கிப் போனார்கள். "ஆக, நீங்கள் அன்றைக்குப் போட்டது அந்தப் பலகை" என்றார். 26 ஆண்டு கப்பல் அலுவலகத்தில் எனக்குக் கிடைக்காத பதவி உயர்வு அது.

விருந்தன்று இரவே வீடு திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தேன். செல்லோடேப் விஷயத்தில் என்னைத் திட்டினார். பாட்டியைப் பற்றிச் சொன்னபோது, "நல்ல குடும்பம்" என்று மட்டும் சொன்னார். எபிரேயத்தில் சனிக் கோளுக்கு 'சப்தாய்' என்று பெயர், சபாத்தோடு சேர்ந்த சொல் என்றதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "சனிக்கிழமை புதுசா எதையும் தொடங்கக்கூடாதுன்னு நான் சொல்லலியா?"

அதனால் மறுநாள் சனிக்கிழமை நானும் எதையும் தொடங்கவில்லை. கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று மனைவி இரண்டு முறை கேட்டாள். மாலை ஏழரை இருக்கும், அம்மா கூடத்தில் தொலைக்காட்சியைப் பார்த்தபடி யாருக்கோ சொன்னார்: "மழை வர்ற மாதிரி இருக்கு."

எழுந்துபோய்ச் சமையலறை சன்னலில் துணி காய்ந்த மூங்கில் கழிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தேன். மனைவி கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. மூன்று நட்சத்திரம் தெரிந்தால் சபாத் முடிந்தது என்று கணக்கு. எண்ணினேன், சரியாக மூன்று. அதில் இரண்டு சாங்கியில் இறங்கிக்கொண்டிருந்தன.