பொறுமையில் நம்மை வெல்ல ஆளில்லை

பழவேற்காட்டுக் குப்பங்களின் பெரியவர்களை எவ்வளவு போற்றினாலும் தகும். காற்று திரும்பினால் படகை இறக்க மாட்டார்கள். வலையில் ஒரு கண் அறுந்தாலும் உட்கார்ந்து பின்னி முடித்துவிட்டுத்தான் எழுவார்கள். அப்பேர்ப்பட்ட கூரிய கண்கள், பிள்ளைகள் கபடி ஆடும் மணலைப் பார்க்கும்போது மட்டும் பெருந்தன்மையோடு மூடிக்கொள்கின்றன. சிப்பி ஓடு துருத்திக்கொண்டிருந்தால் என்ன, உடைந்த பாட்டில் புதைந்திருந்தால் என்ன? வலை அறுந்தால் காசு செலவு. பிள்ளையின் கால் தானாகவே ஆறிவிடும்!

பள்ளிக்கூடங்களின் விருந்தோம்பலையும் சொல்லியாக வேண்டும். விளையாட்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பந்தல், மின்விசிறி, இளநீர். பிள்ளைகளுக்கு உச்சி வெயில். ஏரிக்கரைப் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடம்புச் சூடும் இறங்காது. ஆனாலும் விருந்தினர் வந்து சேரும்வரை வரிசை கலையாமல் நிற்கவைத்து, அதன்பிறகு ஓடவிடும் பண்பாடு வேறு எவருக்கு வரும்?

நம் வைத்திய ஞானமோ அதற்கும் மேல். தலை மோதி மயங்கி விழுந்த பையனுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணுமில்லடா, போய் ஆடு" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுகிறோம். அன்றைக்கு அவனை மறுபடி ஆடவிடக் கூடாது, மூளை தேறுமுன் இரண்டாவது அடி பட்டால் வீங்கி உயிரே போகலாம் என்று உலகெங்கும் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நம் குடத்துத் தண்ணீரின் மகிமை அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

எல்லாவற்றிலும் உயர்ந்தது நம் பொறுமை. 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காடு ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதில் பிள்ளைகளும் உண்டு. ஏற்றியது அளவுக்கு மீறி; உயிர்காப்பு உடையோ இல்லை. உடல்களைக் கரையேற்றிய பிறகுதான் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. 2024 ஜூலையில் வடலூரில், பள்ளி மைதானத்தில் ஈட்டி எறியும் பயிற்சியின்போது ஈட்டி தலையில் பாய்ந்து ஒரு மாணவன் இறந்துபோனான். ஈட்டி போகும் திசையில் ஆள் நிற்கக் கூடாது என்பது எறியக் கற்கும் முன் கற்க வேண்டிய பாடம். அதை ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு படித்துக்கொள்கிற நிதானம் நமக்கு வாய்த்திருக்கிறது.

இந்தப் புகழ் நமக்கு வேண்டாம். குப்பத்திலிருந்து பொன்னேரி அரசு மருத்துவமனை சுமார் 20 கி.மீ. அடிபட்ட பிறகு வண்டி தேடினால் நேரம் போய்விடும். அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, அவசரத்துக்கு வண்டி யாருடையது என்று நாளைக்கே கேளுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கு உட்காரவைக்கச் சொல்லி பி.டி. சாரிடம் மல்லுக்கட்டுங்கள். அடுத்த விளையாட்டு பீரியடுக்கு முன்னால் நாலு பேர் சேர்ந்து போய், பிள்ளைகள் ஆடும் அந்த மணலை ஒருமுறை கிளறிச் சலித்துக் கொடுங்கள்.