மச்சக்காரனுக்கு மாமன் சொல்லுதது

வால, மச்சக்காரா! திண்ணையில உக்காரு. ஒன் உள்ளங்கால் மச்சத்தப் பாத்துட்டு ஜோசியக்காரன் ‘தம்பி கப்பலேறிப் போவான்’னு சொல்லி, எரநூறு ரூவாயையும் வாங்கிட்டுப் போனானாமே? அவன் காட்டுல மழை. நீ காலத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்க. பாருல, வேண்டாங்கல. ஆனா பாக்க வேண்டியதப் பாரு.

தோலுக்கு நிறம் குடுக்குத செல்லு பரவிக் கெடக்காம ஒரே எடத்துல கூட்டம் போட்டா அதுக்குப் பேரு மச்சம். ஒரு ஆளுக்குப் பத்துல இருந்து நாப்பது வரைக்கும் இருக்கது சகஜந்தான். அதனால ‘எனக்கு ஒடம்பெல்லாம் மச்சம்’னு மீசைய முறுக்காத. வயசுக்கு வாரப்பவும், பிள்ளத்தாச்சியா இருக்கப்பவும் கொஞ்சம் கறுக்கும். முக்காவாசி மச்சம் ஆயுசுக்கும் ஒரு சோலியும் பாக்காம சும்மா கெடக்கும், ஒன்னய மாதிரியே.

சும்மா கெடக்காததுதான் வில்லங்கம். அது ஒரு பாதி மறுபாதிக்கு ஒத்து வராது. ஓரம் நெளிஞ்சு கலங்கிக் கெடக்கும். ஒரே மச்சத்துல கறுப்பு, பழுப்பு, செவப்புன்னு கலர் காட்டும். 6 மில்லிமீட்டருக்கு மேல, அதாவது பென்சில் பின்னால இருக்க ரப்பர் அகலத்தத் தாண்டும். எல்லாத்துக்கும் மேல, போன பொங்கலுக்கு இருந்தது இந்தப் பொங்கலுக்கு இருக்காது, மாறிக்கிட்டே இருக்கும். அரிச்சாலோ ரத்தம் கசிஞ்சாலோ நாள் நட்சத்திரம் பாக்காத. நாப்பதுக்கு மேல புதுசா ஒண்ணு மொளைச்சா ‘அதிர்ஷ்டம் லேட்டா வந்திருக்கு’ன்னு கெடா வெட்டாத, தோல் டாக்டர்ட்ட காட்டு. மெலனோமான்னு ஒரு புத்துநோய் இருக்கு. ஆரம்பத்துலயே பாத்தா வெட்டி எடுத்து முடிச்சிரலாம். அசந்தா ஈரல், நுரையீரல்னு குடியேறிரும்.

‘அது வெள்ளக்காரன் சீக்குல்லா மாமா’ம்ப. வாஸ்தவம், அவங்களுக்குத்தான் அதிகம். நமக்கு அபூர்வம். ஆனா நம்ம கறுத்த தோல்ல வந்தா, பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடின்னு வெயில் படாத எடமாப் பாத்து ஒளிஞ்சிக்கிடும். ஜமைக்கா பாட்டுக்காரர் பாப் மார்லிக்கு 1977ல கால் கட்டைவிரல் நகத்தடியிலதான் கண்டுபிடிச்சாங்க. பந்து வெளையாண்ட காயம்னு நெனச்சிருந்தாரு. விரல எடுக்கணும்னாங்க, மாட்டேன்னுட்டாரு. 1981ல போய்ச் சேந்தப்ப வயசு 36. ஒன் ஜோசியக்காரன் கப்பல் காட்டுன எடம் எதுன்னு இப்பத் தெரியுதா?

அதுக்காக இன்னைக்கே சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைச்சு அப்பிராத. தோலு வெந்து மேல உள்ள கறுப்பு போவும். அடியில உள்ளது அங்கனயே நிக்கும். டாக்டர் எடுத்தா சதைய சோதனைக்கு அனுப்பி, நல்லதா கெட்டதான்னு சொல்லுவாரு. ஒன் சுண்ணாம்பு என்னத்தச் சொல்லும்?

பத்தாங்கிளாஸ்ல ‘அங்க அடையாளம், வலது முழங்கையில் ஒரு மச்சம்’னு எழுத வாத்தியார் சட்டையச் சுருட்டிப் பாத்தாரே, அதுக்குப் பொறவு அதை யாரு பாத்தா? மாசம் ஒருக்கப் பாரு. தெனமும் மூஞ்சியப் படம் புடிக்க செல்போன்ல மச்சத்தையும் ஒண்ணு புடிச்சு வையி, வித்தியாசம் தெரியும். முதுகு ஒனக்கு எட்டாது. அத பொண்டாட்டிட்ட விட்டிரு. ஒன் குத்தங்கொறையெல்லாம் தேதி வாரியா ஞாபகம் வச்சிருக்கவ, ஒரு மச்சம் வளந்தா விட்டிருவாளா?