முதலில் ஏறியது கல்

இந்தியாவின் முதல் ரயில் எது என்று கேட்டால், 1853 ஏப்ரல் 16, பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணே வரை என்று பள்ளிக்கூடப் பையனே ஒப்பிப்பான். 14 பெட்டிகள், 400 விருந்தாளிகள், 21 குண்டு மரியாதை என்று தடபுடல். ஆனால் அதற்கும் 16 வருஷம் முன்பே, 1837-இல், செங்குன்றத்திலிருந்து சென்னை சிந்தாதிரிப்பேட்டைக்கு ரயில் ஓடிவிட்டது. அதில் பவனி வந்த பிரமுகர்கள் செம்புரைக் கற்கள். கல்லுக்கு எவன் பீரங்கி வெடிப்பான்?

அந்தக் கல்லாவது எதற்கு என்கிறீர்கள்? ரோடு போட! தண்டவாளம் போட்டு, கல்லைக் கொண்டுவந்து, மாட்டுவண்டி போக வழி செய்தார்கள். நீராவி எஞ்சினையும் பூட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் பெரும்பாலும் இழுத்தவை நாலு கால் ஜீவன்கள்தான்.

இந்தத் திருப்பணிக்குப் பின்னால் இருந்தவர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் மேலணையும் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையும் கட்டியவர். இதே மனுஷர் பிற்பாடு பார்லிமென்ட் கமிட்டி முன்னால் போய், இந்தியாவுக்குத் தேவை கால்வாயும் படகும்தான், ரயில் படுதோல்வி என்று சாட்சி சொன்னார். பிள்ளையார் சுழி போட்டவரே நோட்டைக் கிழிக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

கேட்காததற்குக் காரணம் இருந்தது. ரயில் கம்பெனிக்குப் பணம் போட்ட லண்டன்காரருக்கு 5 சதவீதம் உத்தரவாதம். நிலம் இனாம். நஷ்டம் வந்தால் இந்தியாவில் வரி கட்டுகிறவன் தலையில். பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் செங்கல்லாக்கினாலும் முதலாளிக்கு ஒன்றுதான் என்று, இங்கே நிதியைப் பார்த்துக்கொண்ட வில்லியம் மாஸியே கமிட்டியில் போட்டு உடைத்தார். ஆற்றில் கொட்டியிருந்தாலும் கொட்டுகூலி என்று தனியாக ஒரு பில் வந்திருக்கும், அது வேறு விஷயம்.

பாதைகள் துறைமுகத்தைப் பார்த்தே ஓடின. பருத்தி போனது, மான்செஸ்டர் துணி வந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் சாகச் சாக, தானியமும் அதே தண்டவாளத்தில் கப்பலுக்குப் போனது. இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுதந்திரம் வந்தது, கூட்ஸுக்கு வரவில்லை. பயணிகள் டிக்கெட்டில் விழும் துண்டை அடைப்பது சரக்குக் கூலிதான். ஆனால் ராஜதானி வருகிறதென்றால் கூட்ஸ் லூப் லைனில் ஒதுங்க வேண்டும். சம்பாதிக்கிற அண்ணனுக்குத் திண்ணை, செலவழிக்கிற தம்பிக்குக் கூடம். கூட்ஸின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டி. சைக்கிள் வீரன் சவால் விடலாம்.

ஒருவழியாக 2006-இல், சரக்குக்கென்றே தனிப்பாதை போட ஒரு நிறுவனம் பிறந்தது. மேற்கே தாத்ரியிலிருந்து மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை சுமார் 1,500 கிலோமீட்டர்; கடன் ஜப்பானுடையது. கிழக்கே லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை இன்னொன்று. அதற்கு உலக வங்கி. நிலம் எடுப்பு, வழக்கு, டெண்டர் என்று உருண்டு, முதல் பெரிய துண்டுகள் திறக்கவே 2020 முடிந்துபோனது.

2021 ஜனவரியில் மேற்குப் பாதையில், ஹரியானாவின் நியூ அட்டேலியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கூட்ஸ் கிளம்பியது. கண்டெய்னர் மேல் கண்டெய்னர், மாடி வீடு மாதிரி. அதற்காகவே மின்கம்பியையும் உயரத்தில் கட்டியிருந்தார்கள். ரயில் கூரையில் ஏறிப் போகாதே என்று நம் ஜனங்களைத்தான் போலீஸ் விரட்டும். கண்டெய்னர் ஜம்மென்று மேலே உட்கார்ந்து போகிறது, பிரதமரே கொடியசைக்க.